பத்திரம் சரி, இடம் பத்திரமா?

(நமது டிரஸ்ட் அரங்கில் மஃரிப் தொழுகைக்குப் பின் நடைபெற்ற மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹ்.

 

சென்ற கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் வந்து பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பற்றி ஒன்றேகால் மணி நேரம் விளக்கினார். அது முடிந்ததும் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "பத்திரம் சரியாக இருந்தால் போதுமா? அந்த இடம் பத்திரமான இடமா என்று யாரிடம் கேட்பது?" என்று எழுதியிருந்தது. நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய பேச்சு அந்தச் சீட்டுக்கான பதில்தான்.

இந்தக் கேள்வியை நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் பெரியமேட்டிலும் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து இருந்த குடும்பங்கள் இப்போது குன்றத்தூர், மாங்காடு, முடிச்சூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று நகர்கின்றன. நம்மில் பலர் வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கம் போவதில்லை. அப்படியென்றால் வீட்டுக்கு வரும் பணம் எது? வாப்பாவின் வளைகுடாச் சம்பாத்தியம், உம்மாவின் நகை, ஊரில் பூர்வீகச் சொத்தை விற்ற பங்கு. இவை ஒருமுறைதான் கைக்கு வரும். இடம் சரியில்லை என்று இரண்டு வருடம் கழித்து விற்றுவிட்டு வேறு இடம் போக நம்மில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது?

வீடு பார்க்கப் போகிறவர்களிடம் "ஏரியா எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "நம்ம ஆளுங்க இருபது வீடு இருக்காங்க, பள்ளிவாசல் பக்கம்" என்பதுதான். இது நல்ல செய்திதான். மறுக்கவில்லை. பாங்கு காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகள் மக்தப்புக்கு நடந்து போக வேண்டும், ஒரு மவ்த் நேர்ந்தால் எந்த ஜமாஅத், எந்த மையவாடி என்று தெரிந்திருக்க வேண்டும். இவை எல்லாம் நியாயமான தேவைகள். ஆனால் அந்த இருபது வீட்டுக்குள்ளும் கார்த்திகை மாதம் இடுப்பளவு தண்ணீர் வருகிறதா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் வெள்ளம் விலகிப் போகாது.

இன்னொரு பதில், "அது ரவுடி ஏரியாங்க, வேண்டாம்." இது வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கும், அல்லது சினிமாவில் பார்த்ததாக இருக்கும். வடசென்னையைப் பற்றிச் சினிமா எடுத்து எடுத்து, அங்கே கோடிக்கணக்கான காலை நேரங்கள் அமைதியாக விடிந்திருக்கின்றன என்பதையே மறக்கடித்துவிட்டார்கள்.

கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஓர் ஆண்டில் நடக்கும் கொலைகள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. சாலை விபத்தில் இறப்பவர்கள் 2022-இலும் 2023-இலும் ஆண்டுக்கு 17,000-க்கு மேல். அப்படியிருக்க, வீடு வாங்கும்போது "அங்கே கொலை நடந்ததாமே" என்று விசாரிக்கிறோம். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஜி.எஸ்.டி. சாலையையோ பூந்தமல்லி நெடுஞ்சாலையையோ குறுக்கே கடக்க வேண்டுமா, அங்கே சிக்னல் இருக்கிறதா, சுரங்கப்பாதை இருக்கிறதா என்று விசாரிப்பதில்லை. காவல் துறை வெளியிடும் குற்ற எண்ணிக்கையும் ஊர் அளவில்தான் கிடைக்கும், தெரு அளவில் கிடைக்காது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓர் இடத்தில் புகார் அதிகம் பதிவாகிறது என்றால் குற்றம் அதிகம் என்றும் பொருள் கொள்ளலாம். புகார் கொடுக்க மக்கள் தயங்கவில்லை, காவல் நிலையம் வாங்கிக்கொள்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். ஆகவே எண்ணை வைத்து ஓர் இடத்தை ஒதுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள்.

சென்னையைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். நம் அனுபவத்தில் இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. முடிச்சூரிலிருந்து ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை ஆற்றோரம் முழுக்க மூழ்கியது. அன்று பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் கதவைத் திறந்து வைத்தன. நம் பிள்ளைகள் படகு தள்ளினார்கள். அதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அதே இடங்களில் எட்டு வருடம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தண்ணீர் நின்றதே, அதை யார் சொல்கிறார்கள்? வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பல நாள் வடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை வீடுகள் கை மாறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தரகர் நம்மை வீடு பார்க்க அழைப்பது பங்குனி, சித்திரையில். தரை காய்ந்து, சுவருக்குப் புது வண்ணம் அடித்து, முருங்கை மரம் பூத்திருக்கும். இடம் உண்மையில் எப்படி என்பது ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும். முடிந்தவரை பருவமழை முடிவதற்குள் முன்பணம் கொடுக்காதீர்கள். இன்னும் நல்லது, அதே தெருவில் பதினொரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகை வீணாகிறதே என்பார்கள். ஐம்பது லட்சத்துக்கு முன் அது பெரிய தொகையா?

கோடையில் போனாலும் தெருவே சில விஷயங்களைச் சொல்லும். புது வீடுகள் எல்லாம் நாலடி, ஐந்தடி உயரத்தில் அடித்தளம் போட்டுக் கட்டியிருக்கின்றனவா? பழைய வீட்டுக்குள் நுழையச் சாலையிலிருந்து படி இறங்க வேண்டியிருக்கிறதா? இரும்புக் கேட்டில் ஒரே மட்டத்தில் துருக் கோடு ஓடுகிறதா? பிளக் பாயிண்டுகளை இடுப்புக்கு மேலே மாற்றி வைத்திருக்கிறார்களா? மின் மீட்டர் பெட்டி வழக்கத்துக்கு மாறாக உயரத்தில் இருக்கிறதா? வீட்டுக்காரர் "தண்ணியா? இங்கேயா? சான்ஸே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இந்த அடையாளங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரையும் கவனியுங்கள். தாங்கல், ஏரிக்கரை, குளக்கரை, மடு, ஓடை என்று தெருவுக்கோ நகருக்கோ பெயர் இருந்தால் அந்தக் காலத்தில் யாரோ காரணமாகத்தான் வைத்திருக்கிறார்கள். இப்போது மனை போடுகிறவர்கள் அவென்யூ, கார்டன் என்று பெயர் மாற்றிவிடுகிறார்கள். அதனால் காகிதத்தில் பார்க்க வேண்டும். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்தால் 'அ' பதிவேடு கிடைக்கும். அதில் நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். நஞ்சை என்று இருந்தால் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக அங்கே வந்து நெல் விளைந்தது என்று பொருள். நெல் போய்விட்டது, சரி. வாய்க்கால் எங்கே போனது? கிராம வரைபடத்தில் அதைத் தேடிப் பாருங்கள். உங்கள் படுக்கையறைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் உலக அளவிலான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது; அந்தச் சதுப்பின் பெரும்பகுதியை விழுங்கித்தான் சுற்றியுள்ள குடியிருப்புகள் வந்தன. தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறப்பதில்லை.

வக்ஃபு நிலம், நீர்நிலைப் புறம்போக்கு பற்றிச் சென்ற மாதமே சொல்லியாகிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அல்லாஹ்வுக்காக அர்ப்பணிக்கப்பட்ட சொத்தில் வீடு கட்டிக்கொண்டு பரக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். அதோடு இதை நிறுத்திக்கொள்கிறோம்.

இப்போது நம் டிரஸ்டுக்கு வந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். குடும்பத்தின் அனுமதியோடுதான் சொல்கிறோம், அடையாளம் சொல்ல மாட்டோம். கணவர் சவூதியில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். இங்கே மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் கல்லூரி முதலாண்டு. சித்திரை மாதம் மச்சான் ஒரு வீட்டைப் பார்த்து, உள்ளே வெளியே எல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினார். கணவருக்குப் பிடித்துவிட்டது. மூன்று லட்சம் முன்பணம் போய்விட்டது. மீதிக்கு நம்முடைய கர்ளன் ஹஸனா நிதியில் கொஞ்சம் கேட்டு அந்தச் சகோதரி அலுவலகத்துக்கு வந்தார்.

"நீங்கள் அந்த இடத்தைப் பார்த்தீர்களாம்மா?" என்று கேட்டோம். "ஒருமுறை காரில் கூட்டிப்போனார்கள், பகல் பன்னிரண்டு மணிக்கு" என்றார்.

நிர்வாகக் குழுவில் இரண்டு பேர், அவர்களுடைய வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு, அந்தச் சகோதரியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் போனார்கள். காரில் போகவில்லை, பேருந்தில். அந்தப் பிள்ளை நாளை எப்படிப் போய் வருமோ அப்படியே போனார்கள். இஷாவுக்குப் பின் நிறுத்தத்தில் இறங்கினால் வீடு ஒன்றேகால் கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ எட்டு மணியோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது வளைவுக்கு மேல் தெருவிளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. நடுவில் டாஸ்மாக் கடை. அதை ஒட்டிக் காலி மனையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பெரிய பெண் உம்மாவின் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை. மறுநாள் காலை மறுபடி போனபோது தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் எதிர்ச் சுவரைக் காட்டித் தம் நெஞ்சு மட்டத்தில் கையை வைத்துக் காண்பித்தார். மிக்ஜாமுக்கு அவ்வளவு தண்ணீராம்.

சவூதிக்குப் பேசினோம். அவர் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "முன்பணம் போனால் போகட்டும்" என்றார். பாதிதான் திரும்பக் கிடைத்தது. ஒன்றரை லட்சம் என்பது அவருக்கு எத்தனை மாத உழைப்பு என்று நாம் கணக்குப் போட வேண்டாம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது வேறிடத்தில் சின்ன வீடு, மாடிக் குடியிருப்பு, பேருந்து நிறுத்தத்துக்கு நாலு நிமிட நடை.

மச்சானைக் குறை சொல்லவில்லை. அவர் நல்ல எண்ணத்தில் செய்தார். சுவர், மொசைக், மோட்டார், போர் தண்ணீர் எல்லாம் பார்த்தார். ஆண்கள் வீடு பார்க்கும்போது வீட்டைப் பார்க்கிறோம். அந்த வீட்டுக்கு வந்து சேரும் வழியைப் பார்ப்பது பெண்கள்தான். இருபத்து நாலு மணி நேரமும் அங்கே இருக்கப்போவதும் அவர்கள்தான். வளைகுடாவில் இருப்பவர் இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதம் விருந்தாளியாக வரப்போகிறவர். அவர் முடிவெடுத்து, மச்சான் கையெழுத்துப் போட்டு, குடியிருக்கப்போகும் பெண்ணிடம் சாவியை மட்டும் கொடுப்பது என்ன நியாயம்?

எந்த நேரத்தில் போவது என்று கேட்பீர்கள். ஃபஜ்ருக்குப் பின் ஒருமுறை, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒருமுறை, ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருமுறை. பத்து மணி ஏன் என்றால் டாஸ்மாக் மூடுவது அப்போது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை வரக் கூடாது என்பது விதி. வீட்டுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆகவே கடை எங்கே என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாரைக் கேட்பது? தரகரையும் விற்பவரையும் விட்டுவிடுங்கள். இஸ்திரிக்காரர், பால் போடுகிறவர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள், மளிகைக் கடை அக்கா. இவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. "இந்தத் தெரு நல்ல தெருவா?" என்று கேட்டால் நல்ல தெரு என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி வண்டியை வெளியே விடலாமா? மழைக்குப் பால் வருமா? பெண் பிள்ளை டியூஷன் விட்டு எட்டு மணிக்கு நடந்து வரலாமா?" என்று கேளுங்கள். சரியான பதில் வரும். பள்ளிவாசல் இமாமையும் முஅத்தினையும் கேளுங்கள். ஃபஜ்ருக்கு முன் தெருவில் நடக்கிற மனிதர் முஅத்தின். நாய்த் தொல்லையிலிருந்து நகைப் பறிப்பு வரை அவரிடம் செய்தி இருக்கும்.

எந்தக் காவல் நிலையம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஜனவரி முதல் தாம்பரமும் ஆவடியும் தனிக் காவல் ஆணையரகங்கள். புறநகரில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் வேறு நிலையமாக இருக்கலாம். அவசரத்தில் "எங்கள் எல்லை இல்லை" என்ற பேச்சைக் கேட்காமல் இருக்க முன்னமே விசாரியுங்கள். நிலையத்துக்கே போய், "இங்கே வீடு வாங்கப்போகிறோம், சார்" என்று ஒரு வார்த்தை கேட்டால் பல நேரம் மனம் விட்டுப் பேசுகிறார்கள். காலி மனை அதிகமுள்ள, பத்து வீட்டுக்கு எட்டு வீடு பகலில் பூட்டியிருக்கும் தெருவில் திருட்டுக்குச் சாட்சி இருக்காது. எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிற தெரு, கேமரா வைத்த தெருவைவிட மேல் என்பது நம் கருத்து.

கட்டடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2014 ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதுவும் மழை நாளில், போரூர் ஏரிக்கு அருகில். அடுக்குமாடி வாங்குகிறவர்கள் திட்ட அனுமதி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு இரண்டையும் பார்த்துவிட்டு, தனியாக ஒரு பொறியாளருக்குக் காசு கொடுத்து ஒருமுறை காட்டுங்கள். தெருவுக்குள் 108 வண்டியும் தீயணைப்பு வண்டியும் திரும்ப முடியுமா என்று பாருங்கள். இதைச் சொல்லும்போது நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் சந்தே நினைவுக்கு வருகிறது; இங்கே தீயணைப்பு வண்டி நுழையாது. பழகிய இடம் என்பதால் நமக்குப் பயமில்லை, அவ்வளவுதான். மழையில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத கால்வாய் இவையும் உயிர் எடுக்கும் விஷயங்கள்.

எண்ணூர், மணலிப் பக்கம் விலை குறைவு என்று சில குடும்பங்கள் போகின்றன. அங்கே ரவுடி பயம் பற்றி நம்மிடம் பத்துப் பேர் கேட்டார்கள். 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் பகுதி மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதே மாதம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளின் புகையும் அப்படித்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்பதும் பாதுகாப்புதான்.

கடைசியாக, பேசத் தயங்குகிற ஒன்றையும் பேசிவிடுவோம். "கலப்பான இடத்தில் வாங்கலாமா, நாளைக்கு ஏதாவது என்றால்?" என்ற பயம் நம் குடும்பங்களில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடு இல்லை என்று சொன்ன அனுபவம் இங்கே பலருக்கு உண்டு. அந்த வலியிலிருந்து வருகிற பயம் அது. அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் பயத்தால் எல்லோரும் ஒரே நாலு தெருவுக்குள் அடைந்துகொண்டால் அங்கே விலை ஏறும், சந்து குறுகும், பிள்ளைகளுக்கு வெளியுலகம் தெரியாமல் போகும். வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்று அரபியில் ஒரு சொல் உண்டு. அதை ஹதீஸ் என்று மேடையில் சொல்லிவிடுகிறார்கள். அதன் அறிவிப்பு பலவீனமானது என்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் கருத்து. பழமொழியாகவே எடுத்துக்கொள்வோம், கருத்து நல்ல கருத்து. அண்டை வீட்டார் முஸ்லிமாக இல்லாவிட்டாலும் அவருக்கு நம்மீது உரிமை உண்டு என்பது நம் மார்க்கத்தில் ஐயமில்லாத விஷயம். வாங்கும் முன்பே இரு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி, "இங்கே வரப்போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்கிறார்களா, கதவை அரைகுறையாகத் திறந்து பதில் சொல்கிறார்களா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். நாமும் அப்படித்தான் சோதிக்கப்படுகிறோம். வந்து இறங்கும் நாளிலேயே அடுத்த வீட்டு வாசலை அடைத்து லாரியை நிறுத்துகிறவர் நல்ல அண்டை வீட்டார் ஆக முடியாது.

இனி ஓர் அறிவிப்பு. நிர்வாகக் குழு கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. வீட்டுக்காக நம் கர்ளன் ஹஸனா நிதியில் கடன் கேட்கும் விண்ணப்பத்தில் அடுத்த மாதம் முதல் கூடுதலாக ஒரு பக்கம் இருக்கும். அந்த இடத்தை எந்தெந்தத் தேதியில், எந்த நேரத்தில் பார்த்தீர்கள், மழைத் தண்ணீர் பற்றி யாரிடம் விசாரித்தீர்கள் என்ற விவரம் அதில் எழுத வேண்டும். அதன் கீழே, அந்த வீட்டில் குடியிருக்கப்போகும் பெண், மனைவியோ உம்மாவோ, தாம் இரவில் நேரில் போய்ப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத விண்ணப்பம் குழுவுக்கு வராது. இதில் சில பெரியவர்களுக்கு வருத்தம் இருப்பது தெரியும். அலுவலகத்துக்கு வந்து பேசுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் முடிவு முடிவுதான்.

உடன் போய்ப் பார்க்க ஆள் இல்லாத குடும்பங்கள், கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள், விதவைகள், முன்கூட்டியே தகவல் சொன்னால் நம் உறுப்பினர்கள் குடும்பத்தோடு வருவார்கள். கட்டணம் எதுவும் இல்லை. பேருந்துக் கட்டணம் மட்டும் அவரவர் பொறுப்பு. விண்ணப்பப் படிவம் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸர் முதல் இஷா வரை அலுவலகத்தில் கிடைக்கும். பெண்கள் பகுதிக்குத் தனியாகப் படிவங்கள் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.